தந்தையின் வாத்தியங்களும் மைந்தனின் முதல் இசைத்தொகுப்பும்

திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாப சுவாமி கோயிலை அடுத்த நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் இசைவிழாவை நம் குடும்பத்தார் பலர் தவறாது சென்று கேட்பர். அங்கே பாடகருக்கு அருகில் வயலின் இருப்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அது மேனாட்டார் கொணர்ந்த புதுக்கருவி. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதனைக் கற்றுத் தேர்ந்து, சுவாதித் திருநாள் மன்னரின் அவைக்கு வந்து சேர்ந்தார். மன்னர் 1834ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தால் அமைந்த வயலின் ஒன்றைப் பரிசாக வழங்கினார். தமிழகத்திலிருந்து பிழைப்பும் பெருமையும் நாடி இந்நகருக்கு வந்த கலைஞர் ஒருவரின் கையால் அந்நியக் கருவி நம் சங்கீதத்திற்கு உரியதாயிற்று என்பது, இங்கு வந்து குடியேறிய நமக்குச் சற்றே உவகை தரும் செய்தியாகும்.

அத்தகைய வரவு நம் காலத்திலும் ஒன்று நிகழ்ந்தது. நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்தனர். மனிதக் குரலை மிடற்றுக்கருவி என்று உடன் வைத்து எண்ணுவாரும் உளர். சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியை இவற்றுள் எதில் சேர்ப்பது? அதில் தோலுமில்லை, துளையுமில்லை, நரம்புமில்லை. மின்னோட்டத்தின் அதிர்வையே நாதமாக்கித் தருவது அது. அக்கருவியைத் தமிழ்நாட்டின் வீடுதோறும் கொண்டு சேர்த்த இசைத்தொகுப்பு, 1992ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் திரைக்கு வந்த 'ரோஜா' படத்தின் பாடல்களேயாம். இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான். அப்போது அவருக்கு வயது 25. அதற்கு முன்னர் 1991இல் ஆங்கிலப் பாடல்கள் அடங்கிய தொகுப்பொன்று அவர் இசையில் வெளிவந்ததுண்டு. அதனைக் கேட்டோர் மிகச் சிலரே. நாடு அறிந்த முதல் தொகுப்பு ரோஜாதான்.

ஒரே நாளில் முளைத்த அதிசயம் என்று அதனைப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். 1992 என்பது விளைச்சல் வீடு வந்த ஆண்டு. விதைப்பு நிகழ்ந்ததோ 1964இல். அதிலும், பெரும்பாலும் மலையாளப் படவுலகில்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் பொங்கல் விழா நடந்தபோது இளைஞர் சிலர் ரோஜாப் பாடல்களை மின்விசைப் பலகையில் வாசித்தனர். நன்றாகவே வாசித்தனர். நிகழ்ச்சி முடிந்த பின், "தம்பி, சேகர் என்பவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று அவர்களிடம் வினவினேன். "எந்த சேகர், ஐயா?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறைகூற இயலாது. அவர்களுடைய பெற்றோருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆர். கே. சேகர் 1933ஆம் ஆண்டில் பிறந்தவர். சென்னையை இருப்பிடமாகக் கொண்ட தமிழர். 1964இல் ஆலப்புழை உதயா ஸ்டுடியோவின் உரிமையாளர் குஞ்சாக்கோ இயக்கி வெளியிட்ட 'பழசிராஜா' என்னும் மலையாளப் படத்திற்கு இசையமைத்துப் பெயர் பெற்றார். பாடல்களை இயற்றியவர் வயலார் ராமவர்மா. அதன் பின்னரும் மலையாளப் படங்கள் பலவற்றிற்கு அவர் இசையமைத்தார் எனினும், அவருடைய உழைப்பில் பெரும்பகுதி பிறருடைய பெயரில் வெளிவந்த படங்களுக்கே சென்றது. கோடம்பாக்கத்தார் 'அரேஞ்சர்' என்று அழைக்கும் பணியை அவர் செய்துவந்தார்.

அப்பணி யாதென விளக்குதல் வேண்டும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து ஒரு மெட்டைப் பாடிக் காட்டுவார். அம்மெட்டு ஒற்றை இழைதான். அதற்கு முன்னே வரும் வாத்திய இசை யாது, சரணங்களுக்கு இடையே எவை ஒலிக்க வேண்டும், வயலின் வரிசை எங்கே எழுந்து எங்கே தணிய வேண்டும், குழலுக்கு இடம் எது, அடிநாதமாகச் செல்லோ என்ன வாசிக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் ஸ்வரக் குறிப்பாகத் தாளில் எழுதி, ஒவ்வொருவர் முன்னும் வைத்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் கையசைத்து நடத்துபவரே அரேஞ்சர். நெய்தற்றொழில் அறிந்தோர் பாவும் ஊடும் என்பர். பாவு ஒருவருடையது, ஊடு மற்றொருவருடையது. ஆனால் படத்தின் தொடக்கத்தில் பெரிய எழுத்தில் வருவது முதல்வர் பெயர் மட்டுமே. இவர் பெயர் வந்தால் உதவியாளர் என்று வரும். சில வேளைகளில் வாராமலும் போகும்.

அக்காலத்தில் மலையாளப் படங்களின் இசை பெரிதும் சென்னையிலேயே பதிவு செய்யப்பட்டது. நேமத்தில் மெரிலாண்டு ஸ்டுடியோ 1951 முதல் இயங்கிவந்த போதிலும், வாத்தியக்காரர்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் மிகுதியாக இருந்த இடம் கோடம்பாக்கம். ஆகவே கேரளத்து இசையமைப்பாளர்கள் மெட்டுகளை எடுத்துக்கொண்டு அங்கே செல்வர். அவர்களுக்கு வாய்த்த தமிழ்த் துணைவர் சேகர்.

இவர்களுள் எம். கே. அர்ஜுனனைத் தனியே குறிப்பிட வேண்டும். கொச்சியிலே வறிய குடும்பத்திற் பிறந்த அர்ஜுனனும் அவர் தமையனும் இளமையில் பழனியில் உள்ள ஆசிரமம் ஒன்றில் சேர்க்கப்பட்டனர். உணவுக்கும் உறைவிடத்திற்குமாகச் சென்ற பிள்ளை அங்கேதான் சங்கீதம் கற்றார். பின்னர் நாடகக் குழுக்களில் ஆர்மோனியம் வாசித்து, 1968இல் 'கறுத்த பௌர்ணமி' படத்தின் வாயிலாகத் திரையிசைக்கு வந்தார். பழனியில் இசை பயின்ற மலையாளிக்கு, மலையாளப் படங்களால் வாழ்ந்த தமிழர் வாத்திய இசை எழுதினார். இருவரும் நெருங்கிய நண்பராயினர். தம் பாடல்களில் சேகரின் பங்கு எத்துணைப் பெரிது என்பதை அர்ஜுனன் முதுமையிலும் மறவாது சொல்லிவந்தார். மொழியால் எல்லை வகுப்போர் இந்நட்பை ஒருகால் எண்ணிப் பார்ப்பார்களாக.

சேகருக்கு ஒரு தனி ஈடுபாடு இருந்தது. புதிய கருவி எங்கே வந்தாலும் அதனை வாங்கிவிட வேண்டும் என்பது. மின்விசையால் இயங்கும் விசைப்பலகைக் கருவிகளை, பலரும் அவற்றைக் கண்ணாற் காணாத அந்நாளிலேயே தருவித்து வீட்டில் வைத்திருந்தார். பகலும் இரவும் ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்து உடல் நலிந்து, 1976ஆம் ஆண்டு செப்டம்பரில், நாற்பத்து மூன்றாம் வயதில் அவர் காலமானார். மூத்த மகளையும், ஒன்பது வயது நிரம்பிய மகனையும், இன்னும் இரு பெண்மக்களையும் வைத்துக்கொண்டு அவருடைய மனைவியார் கஸ்தூரி அம்மையார் தனித்து நின்றார். வீட்டில் இருந்த செல்வமெல்லாம் அவ்வாத்தியங்களே.

அவற்றை விற்றுவிட்டால் வரும் பணத்தைக்கொண்டு வட்டியில் வாழலாம் என்று அறிவுரை சொன்னோரும் இருந்தனர். அம்மையார் விற்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். அவ்வாடகைதான் பல ஆண்டுகள் அக்குடும்பத்தின் உலையில் அரிசியாயிற்று. வாத்தியத்தோடு கூடவே சென்று, அதனைப் பொருத்திக் கொடுத்து, வாசிப்போர் எவ்வாறு வாசிக்கின்றனர் என்பதைப் பார்த்து நின்ற சிறுவனின் பெயர் திலீப்குமார். அவரே பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் ஆனார்.

நண்பரின் மகனை அர்ஜுனன் கைவிடவில்லை. 1981இல் தாம் இசையமைத்த 'அடிமச்சங்ஙல' என்னும் மலையாளப் படத்தில் திலீப்பை விசைப்பலகை வாசிக்கச் செய்தார். சிறுவருக்கு அப்போது வயது பதினான்கு. படிப்பு இடையில் நின்றது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை கற்றார். எம். எஸ். விசுவநாதன், இளையராஜா, ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி முதலியோரின் குழுக்களில் வாசித்தார். பிறர் மெட்டுக்குப் பெயரறியாதவராய் வாசிக்கும் அத்தொழிலில் தந்தையைப் போலவே மைந்தரும் பத்தாண்டுகளைக் கழித்தார்.

இனி அக்கருவியின் வரலாற்றையும் சற்றுக் காண்போம். சேகர் பழசிராஜாவுக்கு இசையமைத்த அதே 1964ஆம் ஆண்டில்தான் அமெரிக்க நாட்டில் ராபர்ட் மூக் என்பவர் தம் சிந்தசைசரை முதன்முதலில் இசைவல்லார் முன் வைத்துக் காட்டினார். இக்கருவி இந்தியாவுக்கு வரத் தாமதமாகவில்லை. 1969இல் அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் கருவியோடு கூடிய மின்னிசைக் கூடம் ஒன்று அமைந்தது; சில ஆண்டுகளில் அடங்கிப்போயிற்று. 1982இல் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், பத்து இராகங்களை ஜப்பானியச் சிந்தசைசர்களில் வாசித்து, இயந்திரத் தாளத்தோடு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதனை ஏறெடுத்துப் பார்த்தவர் இலர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அது மீண்டும் வெளியிடப்பட்டபோது, மேலைநாட்டு நடன இசையினர் 'எங்களுக்கு முன்பே ஒருவர் இதைச் செய்திருக்கிறாரே!' என்று வியந்தனர். காலத்தே வாராத வரவேற்பைப் பற்றி என்ன சொல்வது!

1983இல் பல நிறுவனங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வகைசெய்யும் 'மிடி' என்னும் பொதுமுறை வந்தது. அதன்பின் சீக்வென்சர் என்னும் பொறியில் ஒரு பாட்டின் வாத்தியப் பகுதி முழுவதையும் குறித்துவைத்து, வேண்டும்போது தானே ஒலிக்கச் செய்தல் எளிதாயிற்று. தமிழில் இளையராஜா 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இம்முறையைக் கையாண்டு காட்டினார். நம் நகரிலும் மாறுதல் தோன்றாமலில்லை. கே. ஜே. யேசுதாஸ் 1980இல் இங்கே தொடங்கிய தரங்கிணி நிறுவனத்தால் மலையாளப் பாடல்கள் ஒலிநாடாவில் வீடுகளுக்கு வந்தன. வானொலி ஒலிபரப்பினால்தான் பாட்டு என்றிருந்த நிலை மாறி, விரும்பிய பாட்டை விரும்பியபோது, அதுவும் இரு காதுக்கும் இருவேறு ஒலியாகக் கேட்கும் பழக்கம் பிறந்தது. அத்தகைய செவிகள் ஆயத்தமாக இருந்தமையால்தான் ரோஜாவின் நுட்பங்கள் வீணாகவில்லை.

திலீப் விளம்பரப் படங்களுக்குச் சில நொடி இசை அமைக்கத் தொடங்கியிருந்தார். அவ்விசையை விளம்பரப்படத் தயாரிப்பாளர் சாரதா திரிலோக் தம் உறவினராகிய மணிரத்னத்திற்கு அறிமுகம் செய்தார். கோடம்பாக்கத்து வீட்டின் பின்புறத்தில் ரகுமான் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்திருந்தார். அதற்கான கருவி வாங்கத் தாயார் தம் நகைகளைத் தந்து உதவினார் என்பதை ரகுமானே பல இடங்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். தந்தை போனபின் வாத்தியங்களை விற்க மறுத்த கை, மைந்தனுக்காக நகையை விற்கத் தயங்கவில்லை. கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் தயாரித்த ரோஜாவுக்கு இசையமைக்க அவர் பெற்ற ஊதியம் 25,000 ரூபாய்.

பழைய முறையில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைப்பர். ஒருவர் பிழைத்தால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்குவர். அம்முறைக்கு ஓர் எழிலும் வேகமும் உண்டு. ரகுமானின் முறையோ கட்டடம் எழுப்புவது போன்றது. முதலில் இயந்திரத்தில் தாளமும் அடிநாதமும். அதன்மேல் ஒரு குரல். பின் ஒரு குழல். பின் மற்றொரு குரல். ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிந்து, வேண்டாதன நீக்கி, வேண்டுவன கூட்டி, நள்ளிரவில் அமர்ந்து இழைத்தார். ரோஜாவைக் கேட்டபோது, இடையிடையே வெற்றிடம் விடப்பட்டிருந்ததே முதலில் நம் செவியைத் தாக்கியது. பலர் கூடி நிரப்பும் ஒலிக்குப் பழகிய நமக்கு, ஒரு துளி ஒலியும் அதனைச் சூழ்ந்த அமைதியும் புதியன. 'சின்னச் சின்ன ஆசை' என்னும் பாட்டு அதற்குச் சான்று. அதனை எழுதிய வைரமுத்துவுக்குத் தேசிய விருதும், பாடிய மின்மினிக்குத் தமிழ்நாட்டு அரசின் விருதும் கிடைத்தன.

அந்த மின்மினி கேரளத்துப் பெண். அத்தொகுப்பிற் பாடிய உண்ணி மேனன், சுஜாதா ஆகியோரும் கேரளத்தவரே. சித்ராவோ நம் திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் தந்தையார் கரமனை கிருஷ்ணன் நாயர் எனவே அறியப்பட்டவர். கரமனையில் தலைமுறைகளாக வாழும் நம்மவர் வீடுகளில் அவரைப் பற்றிப் பேசும்போது 'நம்ம சித்ரா' என்றுதான் சொல்வர். படத்திற்கு ஒளிப்பதிவு செய்த சந்தோஷ் சிவனும் இவ்வூர்ப் புகைப்படக் கலைஞர் சிவனின் மைந்தர். சேகர் கேரளத்தாருக்கு உழைத்தார். அவர் மகனின் முதல் தொகுப்பில் கேரளத்தார் வந்து பாடினர். இதனைக் கணக்குத் தீர்த்தல் என்று சொல்ல மாட்டேன். உறவு தொடர்ந்தது என்பதே பொருந்தும்.

40ஆம் தேசியத் திரைப்பட விருதுக் குழுவில் இசைக்கான பரிசு ரோஜாவுக்கா, இளையராஜாவின் 'தேவர் மகன்' படத்திற்கா என்ற கேள்வி எழுந்து வாக்குகள் சமமாயின. தலைவராக இருந்த பாலு மகேந்திரா தம் வாக்கை ரகுமானுக்கு அளித்தார். இதனை அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். அவர் ஈழத்துத் தமிழர். ஒளிப்பதிவாளராகத் தொடங்கியது 'நெல்லு' (1974) என்னும் மலையாளப் படத்தில். 'மூடுபனி' (1980) முதல் தம் படங்களுக்கு இளையராஜாவின் இசையையே நாடியவர். நண்பரை விடுத்துப் புதியவருக்கு வாக்களித்தல் எளிதாக இருந்திராது.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. இயந்திரம் தாளம் போடத் தொடங்கியபின் தாளம் போட்டுவந்தவர் என்ன ஆனார்? ஒரு விசைப்பலகை வயலின் வரிசையைப் போல ஒலிக்க வல்லதாயின் வயலின் வாசிப்போருக்கு அழைப்பு ஏன் வரும்? கோடம்பாக்கத்தில் நாளொன்றுக்கு இரு கூடங்களில் வாசித்துவந்தோர் பலர் வீட்டில் அமர நேர்ந்தது. அவர்களும் வாடகை கொடுக்க வேண்டிய குடும்பத்தினரே. சென்னைத் திரையிசைக் கலைஞருக்குச் சங்கம் அமைத்து உரிய ஊதியம் பெறப் பாடுபட்டவர், மலையாளப் படங்களுக்குப் பெரிதும் இசையமைத்த எம். பி. சீனிவாசன். அவர் 1988இல் மறைந்தார். அவர் இருந்திருப்பின் இம்மாறுதலை எவ்வாறு எதிர்கொண்டிருப்பாரோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ரகுமான் ஒருவர் வாராதிருந்தால் பொறி வாராது நின்றிருக்கும் என்று கொள்வதும் தவறு. எங்கும் அது வந்தது. ஆயினும் வாத்தியங்களின் வாடகையால் வளர்ந்த மைந்தரின் வெற்றியால் வாத்தியங்களுக்கு வேலை குறைந்தது என்பது கசப்பான உண்மையே.

ரோஜா வெளிவந்த சில வாரங்களுக்குள், 1992 செப்டம்பரில், அவருடைய இரண்டாவது படமாகிய 'யோதா' வெளிவந்தது. அது மலையாளப் படம். இயக்கியவர் சந்தோஷ் சிவனின் தமையனார் சங்கீத் சிவன். பாடல்களை இயற்றியவர் இவ்வூர்த் திருமலையைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட பிச்சு திருமலா. தந்தை உழைத்த மொழிக்கு மைந்தர் உடனே வந்துவிட்டார் என்று கேரளத்தார் மகிழ்ந்தனர். ஆனால் அடுத்த மலையாளப் படம் 'மலையன்குஞ்ஞு'. வெளிவந்தது 2022இல்! முப்பது ஆண்டு இடைவெளி. 2024இல் 'ஆடுஜீவிதம்' வந்தது. இதற்கிடையே அர்ஜுனன் 2020 ஏப்ரலில், தம் 84ஆம் வயதில் மறைந்தார். சிறுவயதில் அவர் காட்டிய அன்பை மறவாதவராய் ரகுமான் அப்போது இரங்கல் தெரிவித்தார். கேரள அரசின் சிறந்த இசையமைப்பாளர் விருது அர்ஜுனனுக்குக் கிடைத்ததே 2017ஆம் ஆண்டுப் படமாகிய 'பயானகம்' வாயிலாகத்தான். ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு.

ஒரு செய்தி மட்டும் எஞ்சியுள்ளது. ரகுமான் தம் தொகுப்புகளின் உறைகளில், வாசித்த கலைஞர்களின் பெயர்களை, குழல் இன்னார், கிதார் இன்னார், ஒலிப்பதிவு இன்னார் என்று தனித்தனியே அச்சிடும் வழக்கத்தை மேற்கொண்டார். அதற்குமுன் தமிழ்த் திரையிசை ஒலிநாடாக்களில் அவ்வாறு காண்பது அரிது. எக்காரணத்தால் அதனைச் செய்தாரோ, சேகரின் மைந்தர் அதனைச் செய்தார் என்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை.

நம் காலனியில் மூத்தோர் வீடுகளில் 1964 முதல் 1976 வரை வெளிவந்த மலையாள இசைத்தட்டுகள் பரண்மேல் இன்னும் கிடக்கலாம். உறை கிழிந்திருப்பினும் தட்டு கீறியிருப்பினும் அவற்றைப் பழைய பொருள் வாங்குவோரிடம் போட்டுவிட வேண்டா. சங்க நூலகத்தில் சேர்ப்பித்தால் பெயரெழுதிப் பாதுகாப்போம். உறையில் சேகர் பெயர் இராது. பாட்டு தொடங்குமுன் வரும் வாத்திய இசையைக் கேட்டுப் பாருங்கள்.